பின்பக்க இடது ஸ்பீக்கர்

பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். இது நடந்தது பட்டப்பகலில். மத்தியானம் 2:41-லிருந்து 2:58-க்குள். அடிபட்டவன் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறான். கதவில் சுத்தியல் விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

ஹோம் தியேட்டர் பொருத்துகிற வேலையில் பதினான்கு வருஷம் ஊறியவர் அவர். கடையில் அவருக்கு 'டெசிபல்' என்றுதான் பெயர். பக்கத்து அறையில் ஒரு ஸ்க்ரூ விழுந்தால், எந்த மூலையில் விழுந்தது என்று சொல்லிவிடுவார். கூட வேலை செய்தது அவருடைய மச்சான், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. வேலையில் கெட்டிக்காரன். வாய்தான் நிற்காது. "அவன் உங்க பொறுப்பு. ஏணியில ஏத்தி விட்டுட்டு நீங்க பாட்டுக்கு வேடிக்கை பாக்காதீங்க" என்று தினமும் சொல்லித்தான் இருவரையும் அனுப்புவாள் மனைவி.

வேலை கொடுத்தவர் ரிட்டயர் ஆன ஒரு கப்பல் இன்ஜினியர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'கேப்டன்'. கடைக்கு வந்த அன்றே கறாராகச் சொல்லிவிட்டார்.

"படத்துல அடி விழுந்தா என் நெஞ்சுல விழணும் தம்பி. ஏழு ஸ்பீக்கர் போடு."

"உங்க ரூமுக்கு அஞ்சு போதும் சார். முன்னாடி மூணு, பின்னாடி ரெண்டு. தரையில ஒரு சப்-ஊஃபர். அதிர்ற சமாச்சாரத்தை அது பாத்துக்கும்."

"ஏழு வச்சா என்ன ஆகும்?"

"சண்டை திரையில நடக்காது. உங்க மண்டைக்குள்ள நடக்கும்."

கேப்டன் சிரித்துவிட்டு ஐந்துக்கே ஒத்துக்கொண்டார்.

அறை மாடியில். ஜன்னல் கிடையாது. சுவர், கூரை எல்லாம் கறுப்பு. விளக்கை அணைத்தால் பகலும் ராத்திரிதான். மூன்று வருஷத்துக்கு முன்பு வீட்டை வாங்கும்போதே அந்த அறை அப்படித்தான் இருந்ததாம். கதவு நாலு விரல் கனம். ஓரத்து ரப்பர் மட்டும் இற்றுப்போயிருந்தது. டெசிபல் புது ரப்பர் ஒட்டினார். கதவைச் சாத்தி, உள்ளே மச்சானைக் கத்தச் சொன்னார். வெளியே ஒரு கொசு சத்தம்கூட வரவில்லை.

வெளியே வந்தவன் கேட்டான். "என்ன கத்துனேன்னு கேட்டுச்சா மாமா?"

"இல்லடா."

"நல்லவேளை. உங்களைத்தான் திட்டினேன்."

பின்பக்க இடது ஸ்பீக்கர் கடைசி. டேப் பிடித்து அளந்து, பென்சிலால் நான்கு புள்ளி வைத்தார். டிரில்லை வைத்ததும் பொசுக்கென்று உள்ளே போய்விட்டது. ஏற்கெனவே ஓட்டை. பட்டி அடைத்து மேலே பெயிண்ட் பூசியிருந்தார்கள். அடுத்த புள்ளியும் அப்படியே. நான்கும் அப்படியே. ஒரு நூல்கூட விலகல் இல்லை.

"நமக்கு முன்னாடி எவனோ அளந்திருக்கான் மாமா. அச்சு அசல் உங்க கை."

டெசிபலுக்கு என்னவோ போலிருந்தது. ஸ்க்ரூவை முறுக்கினார்.

மிச்சம் இருந்தது டியூனிங். உட்காரும் இடத்தில், காது உயரத்துக்கு ஒரு சின்ன மைக் வைக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் ஒவ்வொரு ஸ்பீக்கராக 'டுர்ர்ர்' என்று ஒரு சத்தம் அனுப்பும். மைக் அதைக் கேட்கும். அந்த ஸ்பீக்கர் மைக்கிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளியிருக்கிறது என்று ஆம்ப்ளிஃபயர் கணக்குப் போட்டுக் காட்டும். அதுவரை அறைக்குள் மூச்சுச் சத்தம்கூடக் கூடாது. கதவைத் திறக்கவே கூடாது.

ஆம்ப்ளிஃபயர் கதவுக்கு வெளியே, நடையிலிருந்த ஷெல்ஃபில். மைக் ஸ்டாண்டின் கால் அன்று காலையில்தான் உடைந்திருந்தது. மைக்கைக் கையில் பிடித்தபடி மச்சான் உள்ளே உட்கார்ந்தான்.

"எட்டு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருப்பியா?"

"செத்தவன் மாதிரி இருக்கேன் மாமா."

"வாயைக் கழுவு."

கேப்டன் தோட்டத்துக்குப் போய்விட்டார். டெசிபல் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினார்.

மணி 2:41.

முன்னால் இருந்த மூன்றும் சரியாக வந்தன. 3.1. 2.9. 3.1. பின்பக்க வலது 2.4. பின்பக்க இடது 2.4. டேப்பில் அளந்ததும் அதேதான். ஒவ்வொன்றையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வது அவர் வழக்கம். எழுதினார்.

ஆனால் ஆம்ப்ளிஃபயர் திரையில் இடதுக்குக் கீழே ஒரு வரி மின்னியது. 'அறையில் சத்தம் அதிகம். மீண்டும் அளக்கவும்.'

"சும்மா இருக்கானா பாரு..." என்று முணுமுணுத்தபடி மறுபடி பட்டனை அழுத்தினார்.

2:46. பின்பக்க இடது 1.9.

மச்சான் நகர்ந்து உட்கார்ந்திருப்பான் என்றுதான் முதலில் நினைத்தார். அப்படியானால் மற்ற நான்கும் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. அது ஒன்று மட்டும்தான். மறுபடியும் அதே வரி. 'சத்தம் அதிகம்.'

சீட்டில் எழுதினார். அழுத்தினார்.

2:49. 1.1.

ஸ்பீக்கர் சுவரில் இருக்கிறது. நான்கு ஸ்க்ரூ. முறுக்கியது அவர் கை.

சுவர் நகருமா?

கதவைத் திறந்தால் எல்லாம் முதலிலிருந்து. இன்னும் ஒரே ஒரு தடவை...

2:52. 0.3.

எழுதிவிட்டுச் சீட்டைச் சட்டைப் பையில் போட்டார். ஒரே ஒரு அடி தூரம். மச்சானின் காதுப் பக்கத்தில்.

அப்போதுதான் திரையில் சத்தம் காட்டும் கோடு எகிறியது. இறங்கியது. எகிறியது. இறங்கியது.

ஒரே சீராக.

ஆம்ப்ளிஃபயர் எந்தச் சத்தமும் அனுப்பவில்லை.

கதவில் காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஒட்டிய ரப்பர்... அவ்வளவு கச்சிதம்.

உள்ளங்கையை வைத்தார்.

கதவு அதிர்ந்தது. டும்... டும்... டும்...

கைப்பிடியை இழுத்தார். அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது. ஆனாலும் வரவில்லை. யாரோ உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

சுத்தியலை எடுத்தார். ஓங்கி அடித்தார். நான்காவது அடிக்குக் கதவு விட்டுக்கொடுத்தது.

முதலில் வெளியே வந்தது குரல்தான்.

"வேண்டாம் மாமா... வலிக்குது மாமா..."

போன் டார்ச்சை அடித்தார்.

மச்சான் குப்புறக் கிடந்தான். அவன் முதுகில் ஒருவன் முழங்காலை ஊன்றியிருந்தான். தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான். தரையில் அறைந்தான்.

டும்.

தூக்கினான்.

டும்.

நீலச் சட்டை. முதுகில் கடையின் பெயர். தோள்பட்டையில் ஒரு கிழிசல். வெள்ளை நூலால் தைத்தது.

அந்தத் தையல் டெசிபலின் மனைவி போட்டது. அவர் அப்போது போட்டிருந்த சட்டையில்.

அவர் யோசிக்கவில்லை. அந்த முதுகில் சுத்தியலை இறக்கினார். முழுப் பலத்தோடு. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

அலறியது டெசிபல்.

விலாவில் நெருப்பு. மூச்சு நின்றது. போன் தெறித்து விழுந்தது. தடவி எடுத்து வெளிச்சம் அடித்தபோது...

மச்சான் மட்டும். ரத்தம். கையில் அந்த மைக்கை விடாமல் பிடித்திருந்தான்.

2:58-க்குக் கேப்டன் ஓடி வந்தார்.

ஆஸ்பத்திரியில் டெசிபலுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகுப் பக்கம், இரண்டு விலா எலும்பு முறிவு. மேலே வட்டமாக ஒரு காயம். சுத்தியல் முகத்தின் அளவு.

"யார் அடிச்சது?" என்று கேட்டார் டாக்டர்.

மச்சான் எப்படி இருக்கிறான் என்று திருப்பிக் கேட்டார் டெசிபல்.

மச்சானுக்குத் தலையில் இருபத்திரண்டு தையல். இடது காது இனிமேல் கேட்காது என்றார்கள். மூன்றாம் நாள்தான் கண் விழித்தான். பக்கத்தில் அக்கா. அவளைத் தாண்டி டெசிபலைப் பார்த்தான். கண் கலங்கியது.

"ஏன் மாமா அடிச்சீங்க?... நான் அசையவே இல்லையே..."

டெசிபலின் கையைப் பிடித்திருந்த மனைவி, மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டாள்.

"நான் வெளியதான் நின்னேன்மா. சத்தியமா வெளியதான் நின்னேன்."

அவள் நாற்காலியைத் தம்பியின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை 10:20-க்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கக்கத்தில் பழுப்பேறிய ஒரு ஃபைல். மனைவி ஜன்னலோரம் நின்றிருந்தாள். டெசிபலின் ரத்தக்கறைச் சட்டையையும் அதன் பையிலிருந்த சாமான்களையும் நர்ஸ் அவளிடம்தான் கொடுத்திருந்தாள்.

"அந்த ரூம்ல இது ரெண்டாவது சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "பன்னெண்டு வருஷம் ஆச்சு. அப்பவும் ஸ்பீக்கர் மாட்ட வந்தவங்கதான். ரெண்டு பேர். ஒருத்தன் உள்ளேயே செத்துட்டான். கூட இருந்தவன் அடிச்சுக் கொன்னான்னு கேஸு. ஜெயில்ல இருக்கான். 'நான் வெளியதான் நின்னேன்'னு இன்னிக்கும் அதையேதான் சொல்றான்."

நடந்ததில் பாதியைக்கூட டெசிபல் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஃபைலைப் புரட்டினார். "வாக்குமூலத்துல என்னமோ நம்பர் சொல்லியிருக்கான். எங்க யாருக்கும் புரியல. நீங்களும் அதே வேலைதானே, அதான் கேக்கலாம்னு வந்தேன். 2.4... அப்புறம் 1.9..."

"1.1" என்றாள் ஜன்னலோரம் நின்றவள்.

கையில் அந்தத் துண்டுச் சீட்டு.

"கடைசியா 0.3."

இன்ஸ்பெக்டர் நிமிரவில்லை. அவர் விரல் மட்டும் ஃபைலில் 0.3 என்ற எண்ணின் மேல் அப்படியே நின்றது.