மணிக்கட்டில் தாளம்: அரியலூரில் ஒரு ஞாயிறு

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வேப்பந்தட்டையில் பேருந்து ஏறினேன். பெரம்பலூரில் இறங்கி அரியலூர் வண்டிக்கு மாறினேன். முப்பது கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய். அரியலூரின் கணினிப் பயனர் வட்டம் மாதந்தோறும் கூடுகிறது. இம்மாதப் பொருள் ஸ்மார்ட் வாட்ச்சும் இசை மென்பொருளும். பேச்சுப் போட்டிகளில் பல பரிசுகள் வென்றவள் என்பதால் தொடக்கவுரைக்கு என்னை அழைத்திருந்தார்கள். சிமென்ட் லாரிகளின் பின்னே வண்டி ஊர்ந்த நேரமெல்லாம் உரையை உதட்டுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

"பாப்பாவுக்கு இன்னைக்குப் பரீட்சையா?" என்றார் பக்கத்து இருக்கை அம்மாள்.

"மேடைங்க."

"அதுக்கும் தெம்பு வேணும்ல," என்று என் கையில் ஒரு கொய்யாவை வைத்தார்.

பத்தரை மணிக்குக் கூட்டம். பேருந்து நிலையத்துக்கு அருகே, ஒரு கணினிப் பயிற்சி மையத்தின் மாடி. அமைப்பாளர் சரவணன் செல்போன் பழுதுபார்ப்பவர். நான் பேசினேன். முதல் வரிசையில் நீலப் புடவை உடுத்திய ஒரு பெண், இமைகொட்டாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் நிற்பவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? இறங்கி வந்ததும் அவருடைய நாத்தனார் பூங்கோதை என் கையைப் பற்றினார்.

"எங்க அண்ணி மலர்க்கொடிக்குக் காது கேக்காது பாப்பா. வாயப் பாத்துத்தான் புரிஞ்சிக்கும். நீங்க மெயில் வண்டி கணக்கா போனீங்களா, பாதி வுட்டுடுச்சு."

"கை ஆட்டுனது அழகா இருந்துச்சு," என்றார் மலர்க்கொடி, சற்றே உரத்த குரலில்.

இருவரும் ரெட்டிபாளையத்துக்காரர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காய்ச்சல் மலர்க்கொடியின் செவியைக் கொண்டுபோனது. அதுவரை மாரியம்மன் திருவிழாவில் கும்மியை நடத்தியவர் அவர். சென்ற ஆண்டு கைதட்டு தவறத் தவற, தாமே வட்டத்தை விட்டு விலகி, எல்லாருடைய செருப்புக்கும் காவல் நின்றிருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை மறுபடியும் கும்மி. கடிகாரத்தின் அதிர்வைக் கொண்டு தாளம் பிடிக்க முடியுமா என்று பார்க்கவே, தெருப் பெண்கள் நால்வரையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

கடிகாரத்தின் திறமைகளைச் சரவணன் விளக்கினார்.

"நாடி பாக்குது, நடைய எண்ணுது. எங்க வூட்டுக்காரரு எந்த டீக்கடையில இருக்காருன்னு சொல்லுமா சார்?" என்றார் பூங்கோதை. அறை சிரித்தது.

பின்னர் நாற்காலிகளை ஒதுக்கினார்கள். கும்மிப் பாட்டை மென்பொருளில் ஏற்றி, தட்டு விழும் இடங்களைக் குறித்து, மலர்க்கொடியின் மணிக்கட்டில் கட்டிவிட்ட கடிகாரத்தோடு சரவணன் இணைத்தார். ஸ்பீக்கரில் பாட்டு எழுந்தது. மலர்க்கொடி தட்டினார்; அரைத் தட்டு பிந்தியது. சரவணன் அதிர்வை முன்னே நகர்த்திப் பார்த்தார், இப்போது தட்டு முந்தியது. மூன்றாம் முறை மீண்டும் பிந்தியது.

"ஒவ்வொரு தடவ ஆரம்பிக்கிறப்பவும் வாட்ச்சுக்கு சிக்னல் போறது வேற வேற மாதிரி லேட்டாவுதுங்க," என்று சரவணன் தலையைச் சொறிந்தார்.

மற்றவர்களின் முகங்களிலிருந்தே மலர்க்கொடிக்கு விளங்கிவிட்டது. வாட்ச்சைக் கழற்றினார். "வுடுங்க தம்பி. செருப்பப் பாத்துக்கவும் ஆளு வேணுமில்ல."



"தம்பி, அந்த ஸ்பீக்கர நிறுத்துங்க," என்றார் பூங்கோதை.

"நிறுத்திட்டா நீங்க எப்படிங்க ஆடுவீங்க?"

"பாட்டு எங்க வாயில இருக்கு. தாளம் மட்டும் அண்ணி கையில அடிக்கட்டும். அண்ணி தட்டறப்ப நாங்க தட்டுறோம்." அண்ணியின் முகத்துக்கு நேரே நின்று அதையே நிதானமாக மறுபடி சொன்னார்.

மலர்க்கொடி வாட்ச்சை மீண்டும் கட்டிக்கொண்டார்.

ஸ்பீக்கர் அடங்கியது. இப்போது தாளம் அறிந்தவர் அந்த அறையில் அவர் ஒருவர்தாம். கைகளை உயர்த்தினார், தட்டினார். ஐந்து பெண்களும் அந்த உள்ளங்கைகளையே பார்த்தபடி பாட்டெடுத்தார்கள். இரண்டாம் சுற்றில் வட்டம் ஒன்றாகிவிட்டது. என்னையும் இழுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர் மன்றங்களில் பேச்சு முடிந்த பிறகே கைதட்டல் பிறக்கும். இங்கே அதைக் கொண்டுதான் எல்லாமே தொடங்கியது.

ஒன்றரை மணி வண்டிக்காக நான் விடைபெற்றபோதும் வட்டம் நிற்கவில்லை. என்னைக் கவனித்ததில் பூங்கோதையின் தட்டு தவறியது.

"ஏ பூங்கோத! எங்கடி பராக்கு? கை பின்னாடி வருது பாரு!" மலர்க்கொடியின் அதட்டல் படிக்கட்டு வரை கேட்டது.

வழியனுப்ப வந்த பூங்கோதை, அண்ணி தம் வாயைப் பார்த்துவிடாதபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இப்படித் திட்டு வாங்கி ரெண்டு வருஷமாச்சு பாப்பா."