வெப்பமானிக்குப் போர்த்திய பிளாஸ்டிக்

எண்பதுகளில் ஒரு வருடம் மலேசியாவின் கேமரன் மலையிலேயே மழை பொய்த்தது. எந்தச் செடி வெயிலில் தவிக்கிறது என்று பார்க்க ஆராய்ச்சிக்காரர் ஒருவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து இரண்டு வெப்பமானிகளை வைத்தார். ஒன்று காற்றுச் சூட்டுக்கு, வெள்ளைப் பெட்டிக்குள். மற்றது ஏழாம் நம்பர் பகுதியில், ஒரு செடியின் இலைகளுக்கு நடுவே. அன்றைக்கு ஏறிய உச்சத்திலேயே பாதரசம் நின்றுவிடும், உதறினால்தான் இறங்கும். சாயங்காலம் இரண்டையும் பார்த்து எழுதுவது என் வேலை. தண்ணீர் கிடைக்கிற இலை வியர்த்துக் குளிர்ந்திருக்குமாம். காற்றைவிட இலை சூடானால் செடிக்கு ஆபத்து.

நான் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஏழாம் நம்பர் கொதித்தது. இப்படியே போனால் செடிகளைப் பிடுங்கிவிட வேண்டியதுதான் என்றார் தோட்டத்தை நடத்தும் துரை. முட்டி தேய்ந்த என் அம்மா கொழுந்தெடுக்கக்கூடிய ஒரே சமதளம் அதுதான், மற்றதெல்லாம் செங்குத்து. அந்தப் பாழாய்ப்போன எண்களைப் பத்து நாள் என் கையாலேயே எழுதினேன்.

பதினோராம் நாள் அம்மா சாப்பாட்டை வீட்டிலேயே மறந்துவிட்டாள். முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போனேன். அங்கே அவள் ஈரம் படாமலிருக்க இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் விரிப்பை அவிழ்த்து, வெப்பமானி இருந்த செடிமேல் போர்த்திக்கொண்டிருந்தாள். தினமும் சாப்பாட்டு நேரத்தில் இப்படித்தானாம். வெயிலில் கண்ணாடி வெடித்தால் மகள் வேலை போய்விடுமே என்ற பயமாம். வெயிலை அளக்க வைத்த கருவிக்கு வெயில் படாமல் காவல்! பிளாஸ்டிக்குக்குள் இலை அவியாமல் என்ன செய்யும்? மலையே கேட்கும்படி கத்தினேன்.

ஆனாலும் மறைக்க மனம் வரவில்லை. வேலை போனால் போகட்டும் என்று ஆராய்ச்சிக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் பத்து நாள் எண்களையும் அடித்துவிட்டு, திரும்ப அளக்கச் சொன்னார். ஒரு வாரம் மத்தியானமெல்லாம் அந்தச் செடி பக்கத்திலேயே நின்றேன். காற்றைவிட இலை குளிர்ச்சியாகவே இருந்தது. செடியைத் தொட வேண்டாம் என்றார் துரை. அப்பாடா! அன்றைக்கு ராத்திரி அம்மாவோடு சோறு சாப்பிட உட்கார்ந்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். "ஏழாம் நம்பர பிடுங்கியிருந்தா இந்த முட்டிய வெச்சிக்கிட்டு எப்படிம்மா மேட்டுல ஏறியிருப்ப?"

"ஊர்ந்தாச்சும் ஏறியிருப்பேன் லா," என்றாள். "உன் வேல போயிருந்தா நீயும்ல கொழுந்துக் கூடையத் தூக்கணும்."