இரண்டாவது மந்திரி

எனக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்த அண்ணன், ஆட்டம் எனக்குப் பிடிபடத் தொடங்கிய நேரம் பார்த்து ஒரகடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அங்கேயே அறை எடுத்துத் தங்கினான். அம்மா விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். வீட்டிலிருந்த ஒரே போனும் அவளோடு போய்விடும். அப்பா உத்திரமேரூர் நெல் மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு இருட்டின பிறகுதான் வருவார். திருப்புலிவனத்தில் எங்கள் தெருப் பெண்களுக்கு என் பலகையைக் கண்டாலே கொட்டாவி வந்தது. ஆகவே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானே வெள்ளை, நானே கறுப்பு.

ஒருத்தியாக ஆடுவதில் ஒரு சங்கடம் உண்டு. எதிராளிக்குத் தூண்டில் போட முடியாது. ராஜாவைப் பிடிக்க ஆசைகாட்டி ஒரு மந்திரியைக் கொடுப்பேன். எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தால், கொடுத்தவளின் திட்டம் முழுக்க எடுக்க வேண்டியவளுக்குத் தெரிந்திருக்கும். எடுத்தாலும் பொய், எடுக்காமல் விட்டாலும் பொய். சில நாள் அழுகையே வந்துவிடும். எதிரே ஓர் ஆள் வேண்டும் என்பதைத் தவிர அந்த வயதில் எனக்கு வேறு ஆசை இருந்ததாக நினைவில்லை.

அப்படியே ஆடி ஆடி, மாவட்டப் போட்டியில் நான் நீட்டியதையெல்லாம் யோசிக்காமல் எடுத்தவர்களை ஜெயித்து, எட்டாம் வகுப்பில் மாநிலப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டேன். போட்டி செங்கல்பட்டில், ஒரு கல்யாண மண்டபத்தில். துணைக்கு வந்தவர் பெரியப்பா. அவர் ஆடிய காலத்துக் கபடியில் கோப்பை வாங்கியதைவிடக் கோப்பைக்காக அடி வாங்கியதுதான் அதிகம். அந்த அனுபவத்தையெல்லாம் பஸ்ஸிலேயே என் தலையில் இறக்கிவைத்தார்.

"டவுன் புள்ளைங்க ரொம்ப உஷாரு. நீ ஜெயிச்சிட்டினு வெச்சிக்க, அங்கயே குந்திக்கினு இருக்காத. தோத்தவங்க எதுனா பேசிப் பேசி திரும்ப ஆட வெச்சிடுவாங்க. கையெய்த்து வாங்கினு எய்ந்து வந்துக்கினே இரு."

கடைசிச் சுற்றில் என் எதிரே உட்கார்ந்தவள் கண்ணாடி போட்ட ஒரு பெண். உள்ளூர்க்காரி. அதுவரை ஓர் ஆட்டமும் தோற்காதவள். அவளுடைய ராஜா கோட்டை கட்டிக்கொண்டு மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. காவலுக்கு நின்ற குதிரை வேறு வேலையாக அந்தப் பக்கம் நகர்ந்ததும், என் மந்திரியைக் கொண்டுபோய் ஓரத்துச் சிப்பாயை அடித்தேன். ராஜாவே வந்து மந்திரியை வெட்டியது. ராணியை இறக்கிச் செக் வைத்தேன். ராஜா பழைய இடத்துக்கு ஓடியது. உடனே இரண்டாவது மந்திரியாலும் பக்கத்துச் சிப்பாயை அடித்து, அதையும் அவள் முன்னால் நீட்டினேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பலகையைப் பார்த்தாள். எடுப்பாளா, விடுவாளா என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

எடுத்தாள். காவல் இழந்த ராஜாவை என் ராணி விரட்ட, பின்னாலிருந்த யானை மேலேறி ஓரத்துக்கு வந்தது. இனி தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் அவள் கைகொடுத்தாள். முடிவு எழுதிய தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். நான் எழுந்திருப்பதற்குள் அவள் வெட்டுப்பட்ட காய்களைப் பொறுக்கிப் பலகையில் பழையபடி வைக்கத் தொடங்கினாள்.

"அந்த ரெண்டாவது மந்திரிய நான் எடுக்காம, சிப்பாய முன்னாடி தள்ளியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

பெரியப்பா சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது.

"ஆட்டம் முடிஞ்சிபோச்சி," என்றேன்.

"தெரியும். சும்மாதான். கொஞ்ச நேரம் உக்காரேன், பாக்கலாம்."

தாளைப் பறித்துக்கொண்டு நடுவரிடம் ஓடிவிட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவரும் தோற்றவரும் சேர்ந்து உட்கார்ந்து, இங்கே இப்படி ஆடியிருந்தால், அங்கே அப்படி ஆடியிருந்தால் என்று பேசிப் பார்ப்பது இந்த விளையாட்டின் வழக்கம். கல்லூரிக்குப் போன பிறகுதான் அதைக் கண்ணால் பார்த்தேன். அப்படிப் பேசிப் பேசியே சிலர் ஆயுளுக்கும் சிநேகிதர்களாகிவிடுகிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது.

அன்று மண்டபத்து வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். மற்ற மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் அங்கேயே உட்கார்ந்து, தன் காயை நகர்த்திவிட்டு, எட்டி என் காயையும் தானே நகர்த்திக்கொண்டிருந்தாள். தோற்ற பிறகும் விடமாட்டேன் என்கிறாளே, என்ன பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.