ஷார்ஜாவுக்குக் கொக்கிகளாகப் போன கடிதம்

குடவாசலில் ஜூலியட்டை எல்லோரும் டைப் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே தட்டச்சுப் பயிலகம் வைத்திருந்தவள், தொண்ணூற்றெட்டில் இயந்திரங்களை ஓரங்கட்டிவிட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டாள். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, தேர்த்திருவிழா நோட்டீஸ் எல்லாம் அங்கேதான் அடித்தார்கள். மறுவருஷம் போன் லைனில் இன்டர்நெட்டும் வந்தது, ஆனால் அந்தப் போனில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது. வளைகுடாவுக்குப் போன பிள்ளைகளுக்கு, வீட்டார் சொல்லச் சொல்லத் தமிழில் அடித்து இமெயிலில் அனுப்புவதும் அவள் வேலையாயிற்று.

தமிழ் எழுத்துக்கு அப்போது எல்லாருக்கும் பொதுவான முறை என்று ஒன்று நடைமுறையில் இல்லை. ஒவ்வொரு கம்பெனியின் ஃபான்ட்டும் தன் இஷ்டப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் வைத்திருந்தது. அனுப்புகிற கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபான்ட் வாங்குகிற கம்ப்யூட்டரிலும் இருந்தால்தான் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் கொக்கியும் புள்ளியும் தலைகீழ்க் கேள்விக்குறியுமாக நிற்கும். அதனால் கும்பகோணத்து அச்சகத்துக்கு ஃபிளாப்பி கொடுத்துவிடும்போதெல்லாம் ஜூலியட் ஃபான்ட்டையும் அதிலேயே போட்டு அனுப்புவாள். அவளிடம் டைப் படித்துவிட்டு ஷார்ஜாவில் ஆபீஸ் வேலைக்குப் போன ராஜராஜனுக்கும், புறப்படும்போதே அப்படி ஒரு ஃபிளாப்பி கொடுத்திருந்தாள். அவன் அம்மா பூவம்மாள் மாதம் ஒருமுறை வந்து உட்கார்ந்து கடிதம் சொல்வாள். நெல், மாடு, ஊர்ச் சண்டை எல்லாம் அதில் இருக்கும்.

இரண்டாயிரமாம் வருஷம் மார்கழியில் வந்தபோது, கதவைச் சாத்தச் சொன்னாள்.

"டீச்சரம்மா, இது ஒங்களுக்கும் எம்புள்ளைக்கும் மட்டுந்தான்."

இடது மார்பில் கட்டி. எட்டு மாதமாக இருந்தது இப்போது உடைந்து வடிந்துகொண்டிருந்தது. துணியை மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். வாடையை மறைக்க முடியவில்லை.

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. நானே கூட வரேன்," என்றாள் ஜூலியட்.

"கதிரு முத்தி நிக்குது. அவரு காதுல விழுந்தா வயல அப்பிடியே போட்டுட்டு எம்பின்னாடி ஓடியாந்துருவாரு. ராஜா வரட்டும், அவங்கூட தஞ்சாவூருக்குப் போறேன். சித்திரைக்குத்தான் லீவாம். பொங்கலுக்கே வரச் சொல்லி அடிங்க. அப்பாவுக்குத் தெரிய வேணாம்னும் போடுங்க."

"போன்லயே சொல்லிடலாமேம்மா?"

"அவன் பேசுற போனு எங்க தெரு இராஜாங்கம் வீட்டுக் கூடத்துல இருக்கு. அங்கயோ பூத்துலயோ நின்னுக்கிட்டு, மாருல புண்ணுன்னு கத்தவா?"

ஜூலியட் பிழையில்லாமல் அடித்து அனுப்பினாள். பழைய கம்ப்யூட்டர் ஐப்பசி இடியில் பாழாகி, புதியது வந்து பத்து நாள் ஆகியிருந்தது. அதில் இருந்தது வேறு கம்பெனி ஃபான்ட். விசைகள் அதே இடத்தில் இருந்தன, திரையில் தமிழும் நன்றாகவே தெரிந்தது. அச்சகத்துக்குப் போகிற வேலை என்றால் ஃபான்ட்டைச் சேர்க்க மறந்திருக்க மாட்டாள். ராஜராஜனிடம்தான் இருக்கிறதே என்ற பழக்கத்தில் விட்டுவிட்டாள்.

மறுநாளே அவன் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துப் பதில் போட்டிருந்தான்: 'டீச்சர், ஒரே கொக்கியா இருக்கு. ஃபான்ட் அனுப்புங்க.'

அவள் பார்க்கவில்லை. தை முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்து கிடந்தன. இன்டர்நெட் லைன் கிடைப்பதும் பெரும்பாடு. பூவம்மாள் இரண்டு முறை படியில் வந்து நின்றாள்.

"பதிலு வந்துச்சா டீச்சரம்மா?"

"இன்னும் இல்லைங்கம்மா," என்று இரண்டு முறையும் சொன்னாள் ஜூலியட். இரண்டு முறையும் மெயிலைத் திறந்து பார்க்கவில்லை. மூன்றாம் முறை பூவம்மாள் வரவில்லை. கூட்டத்தில் அதையும் ஜூலியட் கவனிக்கவில்லை.

பொங்கல் கழிந்து வேறொருவருக்காக லைன் போட்டபோதுதான் அந்த மெயில் கண்ணில் பட்டது. வந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, ராஜராஜனைப் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். அங்கிருந்து நேரே பூவம்மாள் வீட்டுக்குப் போனாள். வீடு பூட்டியிருந்தது. முந்தாநாள் குளிர்காய்ச்சலில் நினைவு தப்பி, தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று பக்கத்தில் சொன்னார்கள்.

ராஜராஜன் நான்காம் நாள் வந்து இறங்கினான். பூவம்மாள் கண் திறக்காமலே மறுநாள் போய்ச் சேர்ந்தாள். புண்ணிலிருந்து விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டர். மூன்று வாரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் கட்டி ஒன்றும் கரைந்துவிட்டிருக்காது. ஆனால் காய்ச்சலை நிறுத்தியிருக்கலாம். அழுக்குத் துணியை மாற்றி, புண்ணைச் சுத்தம் செய்து கட்டவாவது ஒரு கை இருந்திருக்கும். அந்தப் புண்ணைப் பற்றித் தெரிந்திருந்த ஒரே ஆள் ஜூலியட்தான்.

காரியம் முடிந்ததும் ராஜராஜன் அப்பா வைரக்கண்ணுவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"அம்மா சொன்னது அப்பிடியே வேணும் டீச்சர்."

பிரிண்டரில் தாள் வந்துகொண்டிருக்கும்போதே பேசினான். "பொங்கலுக்கு முந்தி ஒரு வெள்ளிக்கெழம போன்ல அம்மா கேட்டுச்சு, கடுதாசி படிச்சியாப்பான்னு. சொன்னதெல்லாம் வீணாப் போச்சுன்னா சங்கடப்படுமேன்னு, படிச்சேம்மா, எல்லாம் சரிம்மான்னுட்டேன். நீங்க எப்பிடியும் திருப்பி அனுப்புவீங்கன்னு நெனச்சேன்."

பூவம்மாள் மூன்றாம் முறை ஏன் வரவில்லை என்பது ஜூலியட்டுக்கு அப்போதுதான் விளங்கியது.

"நீ பதிலே போடலைன்னு அம்மாகிட்ட நான் சொன்னேன்ப்பா," என்றாள். "ரெண்டு தடவ. பாக்காமலே சொன்னேன்."

ராஜராஜன் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். வைரக்கண்ணு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப, புள்ள படிச்சிட்டும் சும்மா இருக்கான்னு நெனச்சுக்கிட்டேதான் கெடந்தாளா?"

"ஆமாங்கய்யா," என்றாள் ஜூலியட்.

"அதப் படிங்க. நானும் கேக்குறேன்."

ராஜராஜன் தாளை எடுத்து அவளிடமே நீட்டினான். ஜூலியட் படித்தாள். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்ற வரிக்கு வந்ததும் தயங்கினாள். பிறகு அதையும் படித்தாள், அறுப்பைப் பற்றிய வரியையும் படித்தாள்.

"நாலு மா நெலத்துக் கதிரு," என்றார் வைரக்கண்ணு. "கொட்டுனா கொட்டிட்டுப் போவுது. எங்கிட்ட யாராச்சும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

அவர் வீடு கடையிலிருந்து நடக்கிற தூரம்தான்.