மருந்து அளக்கும் சத்தம்

கல்யாணத்துக்கு முன்னால் லெம்பிக்கு ஊர்த் தொலைபேசி நிலையத்தில் வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கம்பியை இங்கே பிடுங்கி அங்கே செருக வேண்டும். யார் வீட்டுக் குழந்தைக்குக் கக்குவான், எந்தப் பெண் அழுதுவிட்டு அழாதவள் மாதிரி பேசுகிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கேட்டதை வெளியே சொன்னதில்லை. எண்ணைச் சுழற்றும் தொலைபேசி வந்து நிலையத்தை மூடிய வருஷம் அர்வோ கெம்பைனனைக் கட்டிக்கொண்டாள். அவன் வாயைத் திறந்தாலே விசேஷம். இவ்வளவு நல்ல காதை வைத்துக்கொண்டு இப்படி ஓர் ஊமைக் கோட்டானைத் தேடிப் பிடித்தாயே என்று தோழிகள் கேலி செய்தார்கள். லெம்பி சிரித்துக்கொண்டாள். ஊரெல்லாம் பேசியதைக் கேட்டுக் கேட்டு அவள் காதுக்கும் ஓய்வு வேண்டியிருந்தது.

அர்வோ மாவட்டத்தின் பனி தள்ளும் லாரி ஓட்டினான். பெரிய ஏரியிலிருந்து வரும் பனி எங்கள் பக்கத்தில் வீட்டு ஜன்னல் வரைக்கும் ஏறும். அந்த லாரியின் டீசல் இரைச்சலும், அவன் கையை விட்டு இறங்காத துப்பாக்கியும் சேர்ந்து அவன் காதைத் தின்றுவிட்டன. அதுவும் ஓரவஞ்சனையாகத் தின்றன. இடி கேட்கும், கதவு அடித்தால் கேட்கும், தரையில் ஓங்கி மிதித்தால் கேட்கும். குருவி கேட்காது, தொலைபேசி மணி கேட்காது, பெண்டாட்டி குரல் பாதிதான் கேட்கும். மகள் வாங்கிக் கொடுத்த காதுக் கருவி இழுப்பறையில் கிடந்தது. இழுப்பறைக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

அவனுக்கு ஒரே பைத்தியம், தன் துப்பாக்கிக்கான தோட்டாவைத் தானே செய்துகொள்வது. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, துடைத்து, புதிதாக வெடிமருந்து போட்டு, மேலே குண்டை வைத்து அழுத்துவான். சமையலறைக்கு நேர் கீழே இருந்த கீழறையில்தான் அந்த வேலை. மரமேசை மேல் பச்சை வண்ணம் பூசிய, இரும்பில் வார்த்த, மருந்து அளக்கும் கருவி ஒன்று. கல்யாணமான வருஷம் வாங்கியது. கைப்பிடியை மேலே தூக்கினால் உருளைக்குள் மருந்து நிறையும், ஒரு டக். கீழே இறக்கினால் அளவு மருந்து கூட்டுக்குள் விழும், இன்னொரு டக். பிறகு குண்டை வைத்து அழுத்தும் நெம்புகோலின் கிறீச். டக் டக், கிறீச். டக் டக், கிறீச்.

மேலே லெம்பி மாவு பிசைவாள். சனிக்கிழமை என்றால் ஏலக்காய் இடித்துப் போட்ட இனிப்பு ரொட்டி. பின்கட்டில் சௌனா என்ற நீராவிக் குளியல் அறைக்கு விறகு வைத்தாகிவிட்டிருக்கும், குழந்தை ஜோலீன் மேசைக்கடியில் பச்சை மாவைத் திருடித் தின்றுகொண்டிருப்பாள். கீழேயிருந்து டக் டக், கிறீச். அவள் கையும் அந்தத் தாளத்துக்கே மாவை மடக்கும். அந்த நாட்களை இப்போது நினைத்தால் லெம்பிக்கு முதலில் ஞாபகம் வருவது யாருடைய முகமும் இல்லை, அந்தச் சத்தமும் ஏலக்காய் வாசனையும்தான். புருஷன் அவளோடு பேசிய பேச்சையெல்லாம் ஒரு சுருக்குப்பையில் போட்டுவிடலாம். ஆனால் கீழே அவன் அசதியாக இருக்கிறானா, குஷியாக இருக்கிறானா, தம்பியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறானா என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

பின்னாளில் அவளுக்கு அவன் மேல் ஒரே ஒரு தீராத குறை. கீழறைக்கு இறங்கும் கதவு சமையலறையில்தான் இருந்தது. அவன் வேலைக்கு இறங்கினால் அந்தக் கதவைச் சாத்த மாட்டான். கால்வாசி திறந்தே கிடக்கும். நடுக்கும் குளிர் அந்த வழியாக ஏறி வந்து அவள் முழங்காலைப் பிடிக்கும். "ஏன்டாப்பா, உங்க வீட்ல கதவே இல்லாம வளந்தியா?" என்று கத்துவாள். அது அவனுக்குக் கேட்காது, அல்லது கேட்காத மாதிரி இருப்பான். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கும் முயற்சியை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

ஜோலீனுக்குப் பதினாலு வயதான இலையுதிர் காலத்தில் ஒன்று நடந்தது. அவள் முதல் முறையாக அப்பாவோடு மான் வேட்டைக்குப் போவதாக இருந்தது. சின்னப் பெண், துப்பாக்கி தோளில் உதைத்தால் பயந்துவிடுவாள் என்று அர்வோ அவளுக்காக மருந்தைக் குறைத்து மெதுவான தோட்டா செய்துகொண்டிருந்தான். டக் டக் கேட்டது. அந்த நேரம் அவன் தம்பி ஒன்னி வந்து, கீழறை ஜன்னலில் குனிந்து, காட்டுக் குடிலின் அடுப்புக் குழாய் ஓட்டையாகிவிட்டதைப் பற்றி ஏதோ கேட்டான். அர்வோ பதில் சொன்னான். ஒன்னி போனான். மறுபடி டக் டக். நடுவில் கிறீச் இல்லை.

லெம்பி மாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அப்போது முழங்கால் நன்றாக இருந்த காலம். மாவுக் கையோடு படியில் பாதி இறங்கி நின்று, "ரெண்டு தடவ போட்டுட்ட" என்றாள்.

அர்வோ கையிலிருந்த கூட்டைப் பார்த்தான். குறைந்த மருந்து என்பதால் இரண்டு அளவும் வழியாமல் உள்ளே அடங்கியிருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதைத் தராசுத் தட்டில் கொட்டினான். முள் ஏறிய ஏற்றத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தத் தோட்டா வெடித்திருந்தால் துப்பாக்கி பிளந்திருக்கும், அதன் கட்டையில் கன்னத்தை வைத்திருப்பவள் ஜோலீன்.

"போ, மாவு காஞ்சிடும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அன்று இரவு சௌனாவில்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லெம்பியும் எடுக்கவில்லை. நான் மேலே இருந்து உன் ஒவ்வொரு டக்கையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொன்னால், உன் கையை நம்பவில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா. கேட்டதைச் சொல்லாமல் இருப்பது அவளுக்குப் பழகிய தொழில். அன்றிலிருந்து ஒரு டக் விடாமல் கேட்டாள்.

காலம் ஓடியது. ஜோலீன் கல்யாணம் செய்துகொண்டு தெற்கே போனாள். ஒன்னி செத்துப் போனான். லெம்பிக்கு முழங்காலை அறுத்து இரும்பு வைத்தார்கள். கீழறைப் படிக்கும் அவளுக்கும் உறவு விட்டுப்போயிற்று. அந்தச் செங்குத்துப் படியில் இறங்கினால் திரும்ப ஏற ஆள் பிடிக்க வேண்டும். கீழே போகும் கிழவனைப் பற்றி அவளுக்கு மிச்சமிருந்தது அந்த டக் டக், கிறீச் மட்டும்தான்.

போன வருஷம் அக்டோபரில் அதுவும் தடுமாற ஆரம்பித்தது. அர்வோவின் வலது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. கைப்பிடியைத் தூக்க முடியவில்லை. டக் என்று ஒன்று வரும், அடுத்தது வர நேரமாகும், நடுவில் ஒரு முனகல். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் தானாகவே வாயைத் திறந்தான்.

"தானா அளந்து போடற மெஷின் ஒண்ணு வாங்கப் போறேன். பொத்தான அமுக்கினா போதும். கையத் தூக்கவே வேணாம்."

லெம்பி கரண்டியைக் கீழே வைத்தாள். "கடைத் தோட்டா வாங்கிக்கயேன். ஜோலீனும் அதத்தான் சொல்றா" என்றாள் உரக்க.

"கடைத் தோட்டாவா? அப்ப நாளையிலேருந்து கடைல சுட்ட பாஸ்டிய வாங்கித் தின்னுக்கலாம். நீயும் அடுப்ப அணைச்சிட்டுக் காலாட்டிட்டு ஒக்காரு."

பாஸ்டியை இழுத்த பிறகு அவள் என்ன பேச முடியும். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து அவள் சுடும் அந்தப் பண்டத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்துகூட ஆள் வரும். மெஷினே வாங்கட்டும், ஆனால் சத்தம் போடும் மெஷினாகப் பார்த்து வாங்க வைக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு, அவளும் அவனுடைய பழைய சின்ன லாரியில் ஏறி உட்கார்ந்தாள். ஏன் வருகிறாய் என்று அவன் கேட்கவில்லை.

நெடுஞ்சாலையோரக் கடையை வைத்திருந்தவன் லெராய். துப்பாக்கி, தூண்டில், புழு, தம்ளர் காபி எல்லாம் அவனிடம் கிடைக்கும். கைப்பிடி வைத்த பழைய மாதிரியில் புதிதாக வந்த ஒன்றை லெம்பிதான் முதலில் காட்டினாள்.

"இது நல்லா இருக்கே. நம்ம வீட்ல இருக்கற மாதிரியே."

அர்வோ கையை வைத்துத் தூக்கினான். முகம் சுருங்கியது. கையை எடுத்துவிட்டான். அவள் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. தன் காதுக்காக அவன் தோளைக் கேட்பது எந்த ஊர் நியாயம்.

லெராய் வழவழவென்று கறுப்பாக ஒன்றை எடுத்து வைத்தான். "இதுதான் இப்ப எல்லாரும் வாங்கறாங்க. மூச்சுச் சத்தம் கூட வராது. தட்டுல மருந்து நெறஞ்சதும் பச்ச வெளக்கு எரியும். அர்வோ, ஒங்க காதுக்குன்னே செஞ்சு அனுப்பின மாதிரி."

லெம்பி அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தாள். சமையலறைத் தரைக்கு அடியில், டக் சத்தமே இல்லாமல், ஒரு கிழவன் ஒரு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தாள். கிறீச்சுக்கு முன்னால் மருந்து ஒரு தடவை விழுந்ததா, இரண்டு தடவையா என்று மேலே எப்படித் தெரியும். ஒரு கிறீச்சுக்கும் அடுத்த கிறீச்சுக்கும் நடுவில் அவன் சாய்ந்து விழுந்தாலும் ஒன்றுதான், மருந்து அளந்தாலும் ஒன்றுதான்.

அர்வோ கீழ்த்தட்டில் தூசியோடு இருந்த பெட்டியைக் காட்டினான். "அது என்ன?"

"ஐயோ, அத விடுங்க. அளவெல்லாம் சுத்தமாத்தான் இருக்கும். ஆனா நெறஞ்சதும் பீப்புன்னு கத்தும் பாருங்க, காது கிழிஞ்சிடும். நிறுத்தறதுக்கு வழியே வைக்கல. வாங்கின ரெண்டு பேரும் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க."

"போடு, பாப்போம்" என்றவன், லெம்பி பக்கம் திரும்பினான். "நீ போயி பின்னால ஃபிரிட்ஜ்லேருந்து புழு ஒரு டப்பா எடுத்துட்டு வா."

"புழுவா? ஏரி ஒறையப் போவுது. யார் வாயில வைக்கப் போற?"

"எடுத்துட்டு வாயேன்."

முணுமுணுத்துக்கொண்டே போனாள். கடையின் கோடியில், காபித் தூளுக்கும் மண்வெட்டிக்கும் பின்னால் இருந்தது அந்த ஃபிரிட்ஜ். கதவைத் திறந்தபோது பீப் என்று ஓர் அலறல் வந்தது. திரும்பிப் பார்த்தாள். அர்வோ மெஷினைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதையே குடு" என்றான் லெராயிடம்.

"ஒங்களுக்கு அது கேட்டுச்சா?" என்றான் லெராய்.

"இல்ல."

லெராய் தலையைச் சொறிந்துகொண்டே பெட்டியைக் கட்டினான். லெம்பி புழு டப்பாவை நீட்டினாள். "வேணாம், வச்சிடு" என்றான் அர்வோ. சத்தம் போடும் மெஷின் வேண்டும் என்று நினைத்தவள்தான், ஆனால் இப்படி அலறுவதை இல்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் வெடித்துக்கொண்டே வந்தாள். கேட்காத காதுக்குக் கத்துகிற மெஷின் எதற்கு, கேட்கிற காதை அறுப்பதற்கா, வயசானால் புத்தி இப்படியா போகும் என்று. அர்வோ சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

சனிக்கிழமை அவன் மெஷினைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினான். கதவு வழக்கம்போல் கால்வாசி திறந்து கிடந்தது. லெம்பி மாவில் ஏலக்காயைத் தூவினாள். பீப். ரம்பம் போட்ட மாதிரி பல்லெல்லாம் கூசியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பீப். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைப் பிடித்தாள்.

"ஏ கெழவா, நான் கதவச் சாத்தப் போறேன்" என்று உரக்கக் கத்தி, காலால் தரையை மிதித்தாள்.

அவன் படியடிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தான். "சாத்தாத."

"எதுக்குச் சாத்தக் கூடாது? ஒனக்குக் கேக்காதது எனக்கு மட்டும் ஏன் கேக்கணும்?"

"ஒனக்காகத்தான வாங்கினேன்."

அவன் வலிக்கும் தன் தோளைப் பிடித்துக்கொண்டு, அவனுக்கு ரொம்ப அதிகமான நீளத்துக்குப் பேசினான்.

"அன்னைக்கி மாவுக் கையோட ஓடியாந்தியே. அதுலேருந்து நான் இந்தக் கதவச் சாத்தினதில்ல. பச்ச வெளக்க மேலேருந்து எப்படிப் பாப்ப நீ?"

சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பிப் போய்விட்டான். லெம்பி கதவைப் பிடித்தபடி நின்றாள். குளிர் வந்து முழங்காலைத் தொட்டது. இத்தனை வருஷமும் தான்தான் அவனைக் காவல் காத்ததாக நினைத்திருந்தாள். காவலுக்கு வாசலைத் திறந்து வைத்தவன் அவன். அவளுக்கு அழுகை வந்தது, கூடவே இப்படிப்பட்ட மனுஷனை நாலு சாத்து சாத்தலாம் என்றும் வந்தது. இவ்வளவு காலம் குளிரில் நடுங்க விட்டவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் அர்வோ இல்லை.

மாவுக்குத் திரும்பினாள். கீழே பீப் என்று கத்தியது. கிறீச்சுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூடு துடைத்துக்கொண்டிருப்பான், மருந்து நிறைந்தது எங்கே தெரியப் போகிறது. லெம்பி மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து, அதன் கட்டையால் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

கீழே நாற்காலி நகர்ந்தது. பிறகு கிறீச் என்றது.