ஒரு விரற்கடை கூடுதல்

இவாமொரி எங்கள் செகி ஊரில் ஒரு கத்தரிக்கோல் தொழிற்சாலையில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டினார். போன மழைக்காலத்தில் அந்த பிரஸ் அவருடைய இடது கையின் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் எடுத்துவிட்டது.

இங்கே ரவுடிக் கும்பல்களில் தப்பு செய்தவர் சுண்டுவிரலை வெட்டிக் கொடுப்பது வழக்கம்; அதனால் சுண்டுவிரல் இல்லாதவரைக் கண்டால் கும்பல்காரரோ என்றுதான் பார்ப்பார்கள். பொதுக் குளியல் தொட்டியில் அவர் இறங்கினால் பக்கத்திலிருப்பவர் எழுந்து போவார். இவாமொரி அங்கே குளிக்கப் போவதை நிறுத்தினார். கூட வேலை செய்தவர், "எந்தக் கும்பல்ல சேந்திருக்கே? எனக்கும் ஒரு இடம் பாரேன்" என்றாராம். இதை எங்களிடம் சொன்னபோது இவாமொரி முகத்தில் ஒன்றுமே இல்லை.

மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை வாள் பயிற்சி மட்டும். வாளின் பழைய பிடி விரிசல் விட்டதால் புதியது போடச் சொல்லி வந்தார். பிடிக்கு மரம் செதுக்குவது என் கணவர் தொகுஜி. அதன்மேல் பட்டுநாடா சுற்றுவது நான்.

நீளத்துக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அலகுக்கும் பிடிக்கும் நடுவிலுள்ள கைக்காப்புத் தகட்டை ஒட்டி வலது கையால் பிடித்தால், பிடியின் நுனி முழங்கை மடிப்பைத் தொட வேண்டும். தொகுஜி வலது கையை அளந்தார். இடது கைப் பக்கம் திரும்பவில்லை. பார்ப்பது மரியாதையில்லை என்று நினைத்தார். நானும் தேநீரை வலப்பக்கமாகவே வைத்தேன். வலது கை மாறவில்லையே, பழைய அளவே வந்தது. ஆனால் இரண்டு கையாலும் வாளைப் பிடிக்கும்போது பிடியின் நுனியை இறுக்குவது இடது கையின் கடைசி இரண்டு விரல்கள்.

புதுப் பிடியோடு போன முதல் பயிற்சியிலேயே வாள் நழுவிப் பலகைத் தரையில் குத்தி நின்றது. யாருக்கும் காயமில்லை. பிடி சரியாகும்வரை வர வேண்டாமென்று ஆசிரியர் பணிவாகச் சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டுச் சங்கதிபோல அதைச் சொல்லிவிட்டு வாளை மேசைமேல் வைத்தார் இவாமொரி. தொகுஜி மறுபடி அளவுகோலை எடுத்துக்கொண்டு வலது கைப் பக்கம் போனார்.

"ஏங்க, அதை விடுங்க" என்றேன். "இவாமொரி சான், அந்தக் கையைக் காட்டுங்க."

காட்டினார். மாதிரிக்கு வைத்திருக்கும் கட்டைப் பிடிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். குட்டையானது வழுக்கியது. பழைய அளவும் வழுக்கியது. ஒரு விரற்கடை கூடுதலாக இருந்தது மட்டும் உள்ளங்கையைத் தாண்டி மணிக்கட்டில் முட்டி நின்றது.

தொகுஜிக்கு அதில் சம்மதமில்லை. பிடிக்குள் போகும் வாளின் அடி இரும்பு அவ்வளவு தூரம் வராது, கடைசிப் பகுதி வெறும் மரம், பயிற்சிக்கு நிறுத்தும் பாய்ச்சுருளை வெட்டினால் பிளந்துவிடும் என்றார். பாய்ச்சுருள் வெட்டுவதில் அந்தப் பயிற்சிக் கூடத்திலேயே இவாமொரிதான் கெட்டிக்காரர்.

"வெட்டறதை விட்டுடறேன். காத்துல வீசினா போதும்" என்றார் இவாமொரி.

"நல்லா யோசிச்சுக்கங்க" என்றார் தொகுஜி.

"யோசிக்க என்ன இருக்கு? ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தா செவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

மணிக்கட்டில் அழுத்துகிறதா என்று கேட்டேன்.

"தெரியல. அந்த எடம் மரத்துப்போச்சு. கீழ விழல, அது தெரியுது."

தொகுஜி புதுக் கட்டையில் பழைய அளவுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். இவாமொரி கையை எடுத்துக்கொண்டார்.