ஃபயர்வாலில் பரிவட்டம்

கே.கே. நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவே இப்போதெல்லாம் வாய் கூசுகிறது. முதலாளிகள் அண்ணன் தம்பி மூன்று பேர். மூவரில் ஒருவரும் டாக்டர் இல்லை.

நான் சேர்ந்தபோது அங்கே எந்தக் கம்ப்யூட்டர் எதைத் தொடலாம் என்று காவல் காக்க வேண்டிய ஃபயர்வால் கிட்டத்தட்ட சத்திரம். "அக்கா, சாஃப்ட்வேர்க்காரங்களுக்குக் கொஞ்சம் திறந்து விடுங்க" என்று யார் வந்து நின்றாலும் எங்கள் பிரிவில் யாராவது கையால் ஒரு விதியைச் சேர்த்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் மூட யாருக்கும் ஞாபகம் வராது. அதனால்தான் ஒரு புரோகிராம் எழுதினேன். விதிகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். புரோகிராம் அதைப் படித்து ஃபயர்வாலில் தானே ஏற்றும், கெடு முடிந்ததை மூடும், குறுக்கு வழியில் யாராவது செருகியிருந்தால் பிடுங்கி எறியும்.

ஃபயர்வால் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் எது பொருந்துகிறதோ அதன்படி நடந்துவிட்டு, கீழே உள்ளதைத் திரும்பியும் பார்க்காது. ஆகவே உச்சியில் ஒரு தடையை வைத்தேன். லேப், ஸ்கேன், ஐசியூ சர்வர்களை வார்டுக் கம்ப்யூட்டர்களைத் தவிர வேறெதுவும் தொடக் கூடாது. வெளியிலிருந்து வரும் லேப்டாப் யாருடையதாக இருந்தாலும் சரி. அந்த ஒரு வரி உச்சியில் இருக்கும்வரை நோயாளிகளின் விவரங்களுக்கு ஆபத்தில்லை. நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

புதிதாக என்னவோ செய்திருக்கிறேனாமே என்று மூத்தவர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் பெரிய திரையில் விதிகளைக் காட்டினேன். அவருடைய லேப்டாப் எங்கே என்று கேட்டார். காட்டினேன். கேன்டீன் பில் மெஷினுக்கு அடுத்த வரியில் இருந்தது.

"என்னம்மா இது? இட்லிக்காரனுக்குக் கீழயா நானு?"

அது மரியாதை வரிசை இல்லை, சரிபார்க்கும் வரிசை என்று விளக்கினேன். அவர் முகம் சுருங்கியதுதான் மிச்சம். வெளியே வந்ததும் நிர்வாக அதிகாரி என்னைத் தனியாக அழைத்தார். மிஷன் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். கோயில் வழக்கத்தை எனக்கு அவர்தான் எடுத்துச் சொன்னார்.

"ஏம்மா, ஊர்த் திருவிழாவுல மொதப் பரிவட்டம் மூத்தவருக்குத்தான கட்டுவாங்க? இங்க மட்டும் கீழ தள்ளுனா மனுசன் சங்கடப்படுவாருல்ல? மேல ஏத்திரும்மா. தடை கிடைன்னு ஒண்ணும் வேணாம்."

"சார், அந்தத் தடைக்குக் கீழ எங்க வேணாலும் வைக்கிறேன். அதுக்கு மேல மட்டும் வேணாம்."

"அப்ப அவருக்கு மேல ஒண்ணு இருக்குன்னுல்ல ஆகும்?"

ஏற்றினேன். சேதி மற்ற இருவருக்கும் போயிற்று. நடுத் தம்பி ஒரு வாரம் ஆபீஸ் பக்கமே வரவில்லை. கடைசியில் நிர்வாக அதிகாரி ஒரு சமரசத்தோடு வந்தார். மூவரையும் தடைக்கு மேலே வைத்து, முதல் வரியை மாதத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துவிடலாம். முறை மாற்றுவதை யாரும் கையால் செய்ய வேண்டாம், புரோகிராமே செய்துகொள்ளட்டும். அப்போதுதான் பாரபட்சம் என்ற பேச்சு வராதாம்.

மூவருக்குள் யார் முதலில் இருந்தாலும் ஃபயர்வாலுக்கு ஒன்றுதான். மூவரும் தடைக்கு மேலே இருப்பதுதான் ஆபத்து. இதை நிர்வாக அதிகாரிக்கு விவரமாக மெயிலில் எழுதினேன். பதிலுக்குக் கைகூப்பிய பொம்மை ஒன்று வந்தது. பரிவட்டம் மாற்றும் புரோகிராமை எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம்கூடப் பிசகவில்லை.

நடுத் தம்பியின் லேப்டாப்பில் அவர் வீட்டில் யார் யாரோ எதை எதையோ இறக்கியிருக்கிறார்கள். ஒரு நாள் காலை அதை ஆபீஸில் கொண்டுவந்து மாட்டினார். அதிலிருந்த வைரஸ் வழியில் எந்தத் தடையும் இல்லாமல் நேராக லேப் சர்வருக்குள்ளும் ஸ்கேன் சர்வருக்குள்ளும் போய் எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டது. பேக்கப்பும் பாதிதான் மிஞ்சியது.

வரவேற்பு மேசையில் ஒரே கூச்சல். மேலூரிலிருந்து புருஷனைக் கூட்டி வந்திருந்த அம்மா என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, மறுபடியும் ஊசி போட்டு ஸ்கேன் எடுக்கணுங்கிறாகளே? போன தடவையே வாந்தி எடுத்து எடுத்து ஓஞ்சு போனாரு. எம்புட்டுத்தான் தாங்குவாரு மனுசன்?"

என்ன சொல்வது? உங்கள் புருஷனுக்கு மேலே மூன்று பேருக்குப் பரிவட்டம் கட்டியிருக்கிறோம் அம்மா என்றா?

விசாரணை என்று ஒரு கூட்டம் போட்டார்கள். யாருடைய லேப்டாப் என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். "புரோகிராம் தானா மாத்தி மாத்தித்தான் இப்படி ஆகிருச்சு" என்றார் நிர்வாக அதிகாரி, என் முகத்தைப் பார்க்காமல். நான் மெயிலைப் பற்றிச் சொன்னேன். "இப்ப அதைப் பேசி என்னம்மா ஆகப்போகுது?" என்றார். அத்தனை நாளும் முதல் வரிக்கு முட்டிக்கொண்ட அண்ணன் தம்பிகள் அன்றைக்குத்தான் ஒற்றுமையாக இருந்தார்கள். புரோகிராமை நிறுத்து, பழையபடி கையாலேயே செய் என்றார்கள். தடையைத் திரும்ப உச்சிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். அதெல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும் என்றார் மூத்தவர்.

வேலையை விட்டிருக்கலாம். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், இந்த ஊரில் இந்தச் சம்பளத்துக்கு வேறு இடம் இல்லை. நிறுத்தினேன். நான் கட்டியதை என் கையாலேயே நிறுத்தச் சொன்னார்களே என்ற ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

போன மாதம் மூத்தவருக்கு நெஞ்சு வலி. எங்கள் மருத்துவமனையில் இருதயப் பிரிவு உண்டு, நல்ல டாக்டர்களும் உண்டு. அவரையோ மாட்டுத்தாவணி தாண்டி வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பார்த்துவிட்டு வந்த நிர்வாக அதிகாரியிடம் ஏன் இங்கே சேர்க்கவில்லை என்று கேட்டேன்.

"இங்க ரிப்போர்ட்டு மறுபடி காணாமப் போயிருச்சுன்னா என்ன பண்றதுன்னு அவருதாம்மா பயந்தாரு" என்றார். "அங்க கம்ப்யூட்டரெல்லாம் பயங்கர ஸ்ட்ரிக்டாம். மொதலாளியா இருந்தாக்கூட உள்ள விடமாட்டாங்களாம்."